முப்பத்தொன்றாம் எண் உறுப்பினர்

ஜனவரி 9

தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு பக்கம்! என் அலுவலகத்தில் இப்படி நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்து நிற்கிற குமாஸ்தாவிடம் நான் ஒன்றுதான் சொல்வேன்: "முடிவை மட்டும் சொல்லு." முப்பது வருஷம் பதிவு அலுவலகத்தை அப்படித்தான் ஓட்டினேன். உன் நாலு பக்கத்தின் முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மெஷின் வந்து உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மெழுகுவத்தி செய்தாய், வெயிலில் வளைந்துபோயிற்று. துணிப்பை தைத்தாய், கைப்பிடி கையோடு வந்தது. இப்போது அப்பா வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, தனிமையில் வாடுகிறவர்களைத் தபால் வழியாக ஒருவரோடொருவர் சேர்த்துவைக்கப் போகிறாய்.

படித்துவிட்டுச் சத்தமாகவே சிரித்தேன். உன் அத்தான் "என்ன?" என்று கேட்டார். சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு எதற்குத்தான் சிரிப்பு வந்திருக்கிறது?

கட்டிய புருஷனோடு மூன்று வருஷம் சேர்ந்து இருக்கத் தெரியாதவள், முகம் தெரியாதவர்களைச் சேர்த்துவைக்கிறாளாம். யார் வருவார்கள் உன்னிடம்? முகம் கொடுத்துப் பேச ஓர் ஆள்கூட இல்லை என்றால் குறை அந்த மனுஷனிடம்தான் இருக்கும். உன் அத்தான் முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே சிக்னல் கேபினில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். பேனா நண்பன் வேண்டும் என்று யாரிடமாவது போய் அழுதாரா?

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து மருந்துக்கடைக்காரர் மறுபடி கேட்டு எழுதியிருக்கிறார். சரக்கு வைக்க அவருக்கு நம் வீடு வேண்டுமாம். வீடு இருவர் பேரிலும் இருக்கிறது. என் பாதியை நான் கொடுத்துவிட்டால், மீதிப் பாதியில் அவர் உன்னை ஒரு மாதம்கூடக் குடியிருக்க விடமாட்டார் என்பது உனக்கே தெரியும். ஏப்ரல் முப்பது வரை பொறுக்கிறேன். அதற்குள் இது பிழைப்பா, விளையாட்டா என்று காட்டு. இல்லையென்றால் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

அக்கா


ஜனவரி 17

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

பதினேழு வருஷம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரையே இணைத்தேன். "நீ புருஷனோடு இருக்கிறாயா? அப்படியானால்தான் என் லைனைப் போடலாம்" என்று ஒருவரும் கேட்டதில்லை. அங்கே இருந்தபோது மணி கேட்பதற்கென்றே கூப்பிடுகிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் கடிகாரம் அடிப்பது எனக்கே போனில் கேட்கும். அவர்களுக்கு மணியா வேண்டும்? மெஷின் வந்த பிறகு அவர்கள் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்தபோதுதான் இந்த எண்ணம் வந்தது.

நீ நினைக்கிற மாதிரி இது கல்யாணத் தரகு இல்லை. சேருகிறவர் ஒரு படிவம் நிரப்பி, மாதச் சந்தா கட்ட வேண்டும்; மாதிரிக்கு ஒரு படிவம் இதோடு வைத்திருக்கிறேன். அவருக்கு நான் ஓர் எண் கொடுப்பேன். மற்ற உறுப்பினர்களுக்கு அந்த எண் மட்டும்தான் தெரியும். பேரும் தெரியாது, விலாசமும் தெரியாது. ஐந்தாம் எண்காரர் எட்டாம் எண்காரருக்கு எழுதினால், உறையை ஒட்டி மேலே '8' என்று மட்டும் போட்டு எனக்கு அனுப்புவார். நான் அதைப் பிரிக்காமல் இன்னொரு உறைக்குள் வைத்து, எட்டாம் எண்காரரின் அட்டையைப் பார்த்து விலாசம் எழுதித் தபாலில் சேர்ப்பேன். செருப்புக்கடையில் காலி அட்டைப்பெட்டிகள் கேட்டு வாங்கி வந்து முன்னறைச் சுவர் முழுக்க அடுக்கியிருக்கிறேன். பெட்டிக்கு ஓர் எண். அறை முழுக்கப் பசை வாசனை.

யாருடைய கடிதத்தையும் பிரிக்க மாட்டேன். யாருடைய பேரையும் யாரிடமும் சொல்ல மாட்டேன். இந்த இரண்டும் போனால் இந்தத் தொழிலில் ஒன்றும் மிச்சமில்லை.

ஏப்ரல் முப்பது என்றாய். சரி. நாலு மாதம் பிச்சை போட்டதற்கு நன்றி.

தங்கை


பிப்ரவரி 24

தங்கைக்கு,

உன் விளம்பரத்தை வாரப் பத்திரிகையில் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. மூல வியாதி லேகியத்துக்கும் வழுக்கைத் தலைத் தைலத்துக்கும் நடுவில் போட்டிருக்கிறார்கள். பத்திரிகைக்காரனுக்கு இடம் பார்த்துப் போடத் தெரிந்திருக்கிறது. "உங்கள் கடிதத்துக்காக எங்கோ ஒருவர் காத்திருக்கிறார்." நீயே எழுதினாயா? படிக்கும்போது எனக்குக் கூசியது.

அலுவலகத்துச் சிநேகிதிக்குக் காட்டிச் சிரிக்கலாம் என்று மறுநாள் தேடினால் அந்தப் பக்கத்தைக் காணோம். உன் அத்தான் கத்தரித்து எடுத்துவிட்டார். பின்பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டி இருந்ததாம். அவர் குறுக்கெழுத்துப் போட்டு நான் இதுவரை பார்த்ததில்லை. ஓய்வுபெற்ற ஆண்பிள்ளைகள் வரவர ஒரு மாதிரி ஆகிவிடுகிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் சலூனுக்குப் போகிறார். தலையில் இருக்கிற முடியை விரல்விட்டு எண்ணிவிடலாம். "எதுக்கு அங்க?" என்றால் "பேப்பர் படிக்க" என்கிறார். வீட்டில் என்ன, பேப்பர் வராமலா இருக்கிறது? நானும் விட்டுவிட்டேன். வீட்டில் கண்ணெதிரே உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எதையோ ஆரம்பித்து இழுத்துக்கொண்டே இருப்பதற்கு அங்கே போய் இருக்கட்டும்.

எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள்? எண்ணிக்கையை மட்டும் எழுது. கதை வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

எண்ணிக்கை கேட்டாய்: ஐம்பத்தெட்டு. முதல் மாதம் ஒன்பது. விளம்பரம் வந்த பிறகு தபால்காரர் சைக்கிளில் மணி அடிக்காமல் நேரே வாசலில் வந்து நிற்கிறார். "என்னம்மா, ஊர்ல பேசறதுக்கு ஆளே இல்லியா, எல்லாரும் உங்களுக்கே எழுதறாங்க?" என்கிறார். ஒருவன் ஒரே கடிதத்தை ஆறு பெண்களுக்கு அச்சு மாதிரி எழுதி அனுப்பினான். இரண்டு பேர் வந்த கடிதத்தையும் சேர்த்து எனக்குப் புகார் அனுப்பினார்கள். அவன் எண்ணை அன்றே அடித்துவிட்டேன். அவனைத் தவிர மற்றவர்கள் ஒழுங்கானவர்கள். நீ நினைக்கிற பைத்தியங்கள் இல்லை.

இது பிழைப்புதான் அக்கா. இன்னும் ஆறு மாதம் கொடு. மருந்துக்கடைக்காரர் இப்போதே வந்து முன்னறையின் நீள அகலத்தை அளந்துவிட்டுப் போகிறார். நான் இருக்கும்போதே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், செருப்புப் பெட்டிகளை நகர்த்தி வைத்து அளக்கிறார்.

இன்னொன்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அத்தான் எப்படி இருக்கிறார்? அவர் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் கொஞ்சம் இருந்து கேளேன். ஏன் என்று என்னைக் கேட்காதே. சும்மா தோன்றியது, எழுதினேன்.

தங்கை


ஏப்ரல் 11

தங்கைக்கு,

'தங்கை' என்ற இந்தச் சொல்லை எழுதுவது இதுதான் கடைசித் தடவையாக இருக்கும்.

நேற்று உன் கையெழுத்தில் என் பேரும் விலாசமும் போட்டு ஓர் உறை வந்தது. புத்தி வந்து மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாய் என்று பிரித்தேன். உள்ளே இன்னோர் உறை. அதன்மேல் '31'. ஓகோ, கேட்காமலே என்னை உன் அநாதைக் கூட்டத்தில் சேர்த்து எண்ணும் கொடுத்துவிட்டாயா! அதையும் பிரித்தேன். கால் விளங்காமல் கட்டிலில் கிடக்கும் ஒரு தையல்காரர் எழுதிய மாதிரி ஒரு கடிதம். கீழே '14' என்று கையெழுத்து. யாரைப் பிடித்து எழுதவைத்தாயோ, கிறுக்கல் நன்றாகவே வந்திருக்கிறது.

"நீங்கள் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் 'முடிவை மட்டும் சொல்லுங்க' என்று வீட்டம்மா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை." இப்படி ஒரு வரி. "வீட்டில் இருவர், பேச்சு ஒருவருடையது என்று எழுதியிருந்தீர்களே, அதை என் மருமகளுக்கும் படித்துக் காட்டினேன்." இப்படி இன்னொன்று. அப்புறம் மூடுபனி, ரயில், லீவர் என்று ஏதோ கதை. அதற்கு மேல் படிக்கப் பொறுமையில்லை.

ஆக, உன் அத்தானின் வேலையை எடுத்துக்கொண்டு, என் வாயிலிருந்து வரும் வார்த்தையை எடுத்துக்கொண்டு, அதை ஒரு நொண்டித் தையல்காரர் வாயில் வைத்து எனக்கே அனுப்புகிறாய். உன் ஐம்பத்தெட்டு பேருக்கும் இதே கதைதான் போகிறதா? ஊரார் பார்த்துச் சிரிக்க என் வீட்டைக் கடை பரப்பியிருக்கிறாயா? உன்னைச் சிறுமதிக்காரி என்று பலமுறை நினைத்திருக்கிறேன். இவ்வளவு சிறுமதி என்று தெரியாது.

உன் அத்தானிடம் காட்டவில்லை. காட்டினால்தான் என்ன சொல்லப் போகிறார்?

முப்பதாம் தேதி மருந்துக்கடைக்காரர் பத்திரத்தோடு இங்கே வருகிறார். கையெழுத்துப் போடுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஆமாம், நான்தான் எழுதினேன். தையல்காரர் என்று ஒருவரும் கிடையாது. நீ வருஷக்கணக்கில் என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறாய், திருப்பி ஒரு தடவையாவது குத்திப் பார்க்கலாம் என்று தோன்றியது. தப்புதான். என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் பட்டுக்கொள், அது உனக்கு நன்றாக வரும்.

அந்தக் கடிதத்தை மட்டும் எனக்குத் திருப்பி அனுப்பிவிடு. கிழித்துவிடாதே. யாரிடமும் காட்டாதே, முக்கியமாக அத்தானிடம் காட்டாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் உன்னிடம் கெஞ்சி எத்தனை வருஷம் ஆயிற்று என்று உனக்கே தெரியும்.

பத்திர விஷயம் உன் இஷ்டம்.

தங்கை


ஏப்ரல் 21

தங்கைக்கு,

பொய் சொல்வதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை உனக்கு. இல்லாத தையல்காரரின் கடிதத்தை எதற்குத் திருப்பி அனுப்ப வேண்டும்? அதைக் கிழிக்காதே என்று எதற்குக் கெஞ்ச வேண்டும்?

உன் கடிதம் வந்ததும் மறுபடி எடுத்து, இந்தத் தடவை கடைசி வரி வரை படித்தேன். "அன்றைக்கு மூடுபனியில் லைனில் ஆள் நிற்கிறான் என்று தெரிந்ததும், எந்த லீவரை இழுப்பது என்று தெரியாமல் தடுமாறியதுவரை எழுதி நிறுத்திவிட்டீர்கள். ஓய்வுபெற்று வந்த ஆறு வருஷமாக இதை யாரிடமாவது சொல்லப் பார்க்கிறேன், பாதியிலேயே நின்றுவிடுகிறது என்கிறீர்கள். என்னிடம் நிற்காது. கட்டிலை விட்டு நான் எங்கே எழுந்து போகப் போகிறேன்? மீதியை எழுதுங்கள். எழுதும்போது அழுகை வந்தது என்றீர்கள், அழுதுகொண்டே எழுதுங்கள்." லீவர் எந்தப் பக்கம் இருக்கும் என்பதுகூட உனக்குத் தெரியாது. இதை உன்னால் எழுத முடியாது. அப்படி ஒரு நாள் இருந்தது என்று எனக்கே தெரியாது.

முந்தாநாள், உன் அத்தான் பேப்பர் படிக்கப் போகிறேன் என்கிற அந்தச் சலூனுக்கே போனேன். என்னைப் பார்த்ததும் சலூன்காரர் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "சாருக்கு லெட்டர் வாங்க வந்தீங்களாம்மா? இந்த வாரம் ஒண்ணும் வரலியே. தெனம் வந்து கேட்டுட்டு, அந்த பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறாரு, பாவம்" என்றார். பாவமாம்! முப்பத்தாறு வருஷமாக என் கையால் சாப்பிடுகிற மனுஷனைப் பார்த்து முடிவெட்டுகிறவர் பாவப்படுகிறார்.

நான் என்ன குறை வைத்தேன்? சட்டையில் ஒரு பொத்தான் இல்லாமல் அவர் வெளியே போனதுண்டா? மாத்திரை வேளை தவறியதுண்டா? கண்ட தையல்காரரிடம் சொல்லத் தெரிகிறது, என்னிடம் சொல்வதற்கு என்ன கேடு?

இதோடு உன் படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். 'ஓய்வுபெற்ற நர்ஸ்' என்று வேறொரு பேரில் நிரப்பியிருக்கிறேன். எனக்கு ஓர் எண் கொடு. 31-ம் எண்ணுக்கு நான் எழுதிய கடிதமும் இதில் இருக்கிறது. அதை அவருக்குச் சேர்த்துவிடு. அவர் எழுதுகிற பதில் எனக்கு என் சிநேகிதி வீட்டு விலாசத்துக்கு வரட்டும். இதைச் செய்தால் முப்பதாம் தேதி நான் கையெழுத்துப் போட மாட்டேன். வீடு முழுக்க உனக்கே, எழுதித் தந்துவிடுகிறேன். உனக்கு இதைவிட நல்ல வியாபாரம் வரப்போவதில்லை.

அக்கா


ஏப்ரல் 25

அக்காவுக்கு,

உன் படிவத்தையும் கடிதத்தையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன். கடிதத்தைப் பிரிக்கவில்லை.

படிவத்தில் 'ஏன் சேர விரும்புகிறீர்கள்?' என்ற இடத்தில் 'பொழுதுபோக்கு' என்று எழுதியிருக்கிறாய். ஐம்பத்தெட்டு பேரில் ஒருவர்கூட அந்த இடத்தில் அப்படி ஒரு பொய் எழுதவில்லை. நீ அநாதைக் கூட்டம் என்று சொன்னாயே, அவர்கள்தான்.

எப்படி நடந்தது என்பது உனக்கு எப்படியும் தெரிந்துவிட்டது, மீதியையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கு அனுப்பினாலும் அட்டையை எடுத்துப் பார்த்துத்தான் விலாசம் எழுதுவேன். அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் அட்டையை எடுப்பதில்லை. சொந்த மனுஷர், சலூன் விலாசம், மனப்பாடம். அன்றைக்கு உனக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே உறையை எடுத்தேன். 31 என்றதும் கை தானாக உன் பேரையும் வீட்டு விலாசத்தையும் எழுதிவிட்டது. வேறு யாருக்கும் நான் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டேன். அவரிடம் இதை எப்படிச் சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை.

ஆனால் நீ கேட்பது தப்பு இல்லை, கேவலம். நர்ஸ் வேஷம் போட்டு அவர் வாயைக் கிளறுவாய். அவரும் யாரோ நல்ல மனுஷி என்று நம்பி உன்னைப் பற்றியே உன்னிடம் அழுவார். நீ அதைப் படித்துவிட்டு, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பாய். இதற்கு நான் உறை ஒட்டித் தர வேண்டும், அதற்கு வீடு கூலி! எக்ஸ்சேஞ்சில் மேலதிகாரியே கேட்டும் அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்க நான் லைன் போட்டுக் கொடுத்ததில்லை.

அவர் வேறு ஊரில் இல்லை அக்கா. உன் மூக்குக்கு நேரே பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரே வீட்டுக்குள் கடிதம் போட என் சங்கம் எதற்கு? வாயைத் திறந்து கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. இரண்டாவதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும்.

வீட்டை விற்றுக்கொள். பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்காவது ஓர் அறை பார்த்துக்கொள்கிறேன். இனி உன்னிடம் எனக்குப் பயமும் இல்லை, மரியாதையும் கொஞ்சம்தான் மிச்சம்.

தங்கை


மே 3

தங்கைக்கு,

முப்பதாம் தேதி கையெழுத்துப் போடவில்லை. உன் வீரவசனத்தில் மயங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மருந்துக்கடைக்காரர் வந்தபோது எனக்கு வேறு வேலை இருந்தது. வாசலிலேயே நிற்கவைத்து, விற்கிற எண்ணம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அளவு நாடாவோடு இனி உன் அறைக்குள் வந்தால் எனக்கு எழுது.

வேறு வேலை என்னவென்றால், உன் அத்தானின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு வேலையும் இல்லாமல் அவர் எதிரில் நான் உட்கார்ந்தது எப்போது என்று நினைவில்லை. அவருக்கும் இல்லை போலிருக்கிறது. நாற்காலியில் நெளிந்தார்.

"கேபின்ல இருந்தப்போ ஒரு நாள் மூடுபனியில என்னமோ ஆச்சாமே, என்ன அது?" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. சும்மா கேட்டேன்."

வாசலைப் பார்த்தார். "ஒண்ணும் ஆகல. லைன்ல ஒரு ஆள் நின்னான். வண்டி நின்னுடுச்சு."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வெகுநேரம் இருந்தேன். அவர் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் என்னைப் பார்த்து, பயந்த குரலில், "உனக்கு உள்ள வேலை எதுவும் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு சலூனுக்குப் போய்விட்டார்.

எனக்கு வலித்தது. இதை உன்னிடம் எழுத வேண்டியிருக்கிறதே என்பது அதைவிட வலிக்கிறது. தண்டனைக் கைதி மாதிரி பதில் சொன்னார். என் அலுவலகத்தில் குமாஸ்தாக்கள் அப்படித்தான் நிற்பார்கள். அதை நான் ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தையல்காரரின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நான் பிரித்த உறையை எறிந்துவிட்டு, அதே மாதிரி புது உறையில் போட்டு ஒட்டு. மேலே '31' என்று நீ எழுதாதே, உன் கையெழுத்தை அவர் கண்டுபிடித்துவிடுவார். வேறு யாரையாவது எழுதச் சொல். வெளி உறையில் விலாசத்தை இந்தத் தடவையாவது அட்டையைப் பார்த்து எழுது. தபால் சுணங்கிவிட்டது என்று ஒரு பொய்யும் சேர்த்து அனுப்பு, கொஞ்சம் நன்றாகச் சொல். அவர் தினமும் வெறுங்கையோடு திரும்பி வருகிறார், என்னால் பார்க்க முடியவில்லை. நான் படித்தது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அவர் தையல்காரருக்கு மீதியை எழுதுவார். அது உன் வழியாகத்தான் போகும். அதைப் பிரித்துப் படித்து எனக்கு எழுது என்று இங்கே ஒரு வரி எழுதினேன். நீ மாட்டாய். நீ மாட்டாய் என்பதால்தான் அவர் உன்னிடம் வந்தார். அந்த வரியை அடித்துவிட்டேன், மை பரவியிருப்பது அதுதான்.

மூடுபனியில் லைனில் நின்றவன் என்ன ஆனான் என்று இன்னும் பத்து நாளில் அந்தத் தையல்காரருக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரியாது.

அக்கா